மழை பெய்யும் பக்கம், மனிதர் நடக்கும் பக்கம்

மழைக்காலத்தில் ஒரு நாள் மலைநடைக்குத் திட்டமிடுவோர் முதலில் எழுப்பும் கேள்வி எந்த மலைக்குப் போகலாம் என்பதாகவே இருக்கிறது. தமிழ்நாட்டு மலைகளைப் பொறுத்தவரை அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி மலையின் எந்தப் பக்கம் என்பதாகும். ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் இரவு பகலாக மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, சில மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய கிழக்குச் சரிவில் காற்றும் மேகநிழலும் எப்போதாவது ஒரு தூறலுமாக, நடப்பதற்கு மிக உகந்த பகற்பொழுது அமைந்திருக்கும். ஐப்பசி பிறந்ததும் கிழக்கு முகம் மழைமுகமாக மாறிவிடும். இந்த இடமாற்றத்தை அறிந்து பாதையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மழைக்காலம் மலையின் மிக அழகிய காலமாகிறது. படத்தில் கண்ட அருவியை மட்டும் நம்பி நாள் குறித்துக்கொள்பவருக்கு அதுவே மிக ஆபத்தான காலமாகிவிடுகிறது.

குறுமலைநடை என்று இங்கே சொல்லப்படுவது, காலையில் அடிவாரத்தில் தொடங்கி, இருட்டுவதற்கு வெகு முன்னரே அதே அடிவாரத்துக்கோ மறுபுறத்துச் சாலைக்கோ வந்து சேர்ந்துவிடும் நடை. கூடாரமோ சமையலோ இரவுத் தங்கலோ தேவைப்படாத, ஏறத்தாழ 4 முதல் 10 கிலோமீட்டருக்குள் அடங்கும் நடை. தூரம் சிறியதென்பதால் ஆயத்தமும் சிறியதாக இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வெயில் காலத்தில் அந்த எண்ணத்தால் தாகமும் களைப்பும் மட்டுமே நேரக்கூடும், ஆனால் மழைக்காலத்தில் திரும்பும் வழியே அடைபட்டுப் போகக்கூடும்.

அப்படியானால் மழையில் ஏன் மலையேற வேண்டும், கோடையில் போனால் ஆகாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்குத் தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நிகழ்ந்த துயரம் விடையாக நிற்கிறது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர், ஆள் உயரத்துக்குக் காய்ந்து கிடந்த போதைப்புற் சரிவில் பரவிய காட்டுத்தீயில் சிக்கினர். 23 உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டில் காடுகளில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. தீக்காலம் என்று வனத்துறையினர் குறிப்பிடும் மாசி, பங்குனி மாதங்களில் பாதைகளை மூடிவைப்பதும் வழக்கமாயிற்று. ஆகவே மழையை அறவே தவிர்த்துவிட்டு மலையேற நினைப்பவருக்கு ஆண்டில் எஞ்சுவது தை மாதத்தை ஒட்டிய சில வாரங்களே. தமிழ்நாட்டு மலைகளில் நடப்பதற்கான இயல்பான காலம் மழையோடு ஒட்டிய காலம்தான் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த மழையைப் புரிந்துகொள்வதே அறிவுடைய தொடக்கமாக இருக்கும்.

மழைமுகமும் மழைமறைவும்

ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளக் கரையை அடையும் தென்மேற்குப் பருவக்காற்று, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்பும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்று தான் சுமந்துவந்த நீராவியை முழுவதும் தாங்கமாட்டாமல் காற்றை எதிர்கொள்ளும் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கும் காற்று வெப்பமடைந்து உலர்ந்துபோகிறது. அவ்வாறு உலர்ந்த காற்று இறங்கும் பகுதியே மழைமறைவுப் பகுதி எனப்படுகிறது. பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இந்த விளக்கத்தை, மூணாற்றிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில் ஒருவர் தம் கண்ணாலேயே காணலாம். தேயிலைத் தோட்டங்களில் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு நகரும் மூணாற்றிலிருந்து புறப்பட்டால், மறையூரின் சந்தனக் காடுகளைக் கடக்கும்போதே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். சின்னாறு சோதனைச்சாவடியை எட்டும்போது இருபுறமும் கள்ளியும் உடைமரமும் நிற்கும் முட்காடு வந்துவிடும். கேரள எல்லைக்குள்ளேயே இருந்தும் சின்னாறு காட்டுயிர்ச் சரணாலயம் நட்சத்திர ஆமைகள் வாழும் வறண்ட காடாக இருப்பது, ஆனைமலையின் உயர்ந்த முகடுகள் அதன் மேற்கே மறித்து நிற்பதனால்தான்.

இந்த வேறுபாட்டின் அளவை உணர்த்த நீலகிரியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில், அதாவது 24 மணி நேரத்தில், 911 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மலையடியில் இருக்கும் கோயம்புத்தூர் நகரம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழைகூட அந்த அளவை எட்டுவதில்லை. அதே நீலகிரியின் கிழக்கு விளிம்பில் இருக்கும் கோத்தகிரியோ, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தொடர் மேற்கே மதிலாக நிற்பதால், தென்மேற்குப் பருவத்தின் சீற்றத்திலிருந்து பெரிதும் காக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்தக் காப்பு அந்தப் பருவத்துக்கு மட்டுமே. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கேத்தி, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களைத் தாக்கியபோது மலைச்சரிவுகள் நூற்றுக்கணக்கான இடங்களில் பெயர்ந்து இறங்க, 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே மாவட்டத்தில், ஆகஸ்டில் அஞ்ச வேண்டிய பக்கம் ஒன்றாகவும் நவம்பரில் அஞ்ச வேண்டிய பக்கம் வேறொன்றாகவும் இருப்பதை இந்த இரு நிகழ்வுகளும் எந்த வரைபடத்தையும்விடத் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

இரு பருவங்களின் குணமும் ஒன்றல்ல. தென்மேற்குப் பருவத்தில் காற்றின் திசை வாரக்கணக்கில் மாறாதிருப்பதால், நனையும் பக்கமும் நனையாத பக்கமும் ஏறத்தாழ நிலையாக இருக்கும். எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை பக்கத்தைச் சரியாகத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். வடகிழக்குப் பருவம் அத்தகையதல்ல. அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் அந்தப் பருவம், வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகும்போதெல்லாம் இரண்டு மூன்று நாட்கள் அடைமழையாகப் பெய்துவிட்டு, இடையே கழுவித் துடைத்த வானத்தோடு பல நாட்கள் ஓய்ந்திருக்கும். அப்போது பக்கத்தைவிட நாளே முதன்மையானது. ஒரு மாதத்துக்கு முன்பே விடுதியும் வண்டியும் பதிவு செய்துவிட்டு, அந்த நாளில் தாழ்வு மண்டலம் வந்து நின்றாலும் கட்டிய பணம் வீணாகுமே என்று புறப்படுவதுதான் வடகிழக்குப் பருவத்தில் மலையேறுவோர் செய்யும் பெரும்பிழை.

வானிலை அறிக்கையைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொடும் மழையைக் கனமழை என்றும், 115.6க்கு மேற்பட்டதை மிகக் கனமழை என்றும், 204.5ஐ எட்டுவதை அதிகனமழை என்றும் வகுத்து, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களால் எச்சரிக்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சிறு ஓடைக்கு நீர் தரும் நிலப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் என்று கொண்டால், 65 மில்லிமீட்டர் மழை அந்தப் பரப்பில் கொட்டும் நீர் ஆறரைக் கோடி லிட்டராகிவிடும். எச்சரிக்கைகள் மாவட்ட வாரியாக அறிவிக்கப்படுவதால், அவலாஞ்சிக்கும் கோத்தகிரிக்கும் ஒரே நிறமே கிடைக்கும். மஞ்சள் நிறத்தன்று மழைமறைவுப் பக்கத்தில் நடப்பதைப் பற்றி உள்ளூராரிடம் கலந்து முடிவெடுக்கலாம். ஆரஞ்சு, சிவப்பு நிறங்களன்று எந்தப் பக்கமாயினும் பயணத்தைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை.

மழைக்காலத்து மலைவழியின் அச்சம் தமிழருக்குப் புதிதன்று. மலையும் மலை சார்ந்த நிலமுமாகிய குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுதுகளுள் முதலாவது கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். சிறுபொழுது யாமம் எனப்படும் நள்ளிரவு. தலைவியைக் காண மழையிரவில் மலைவழியே தனித்து வரும் தலைவனிடம், அந்த வழியின் ஏதத்தை, அதாவது தீங்கை, எடுத்துச் சொல்லி அவ்வாறு வர வேண்டாமெனத் தடுப்பது சங்க அகப்பாடல்களில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. வழுக்கும் பாறை, பெருக்கெடுத்த காட்டாறு, இடி, யானை, புலி என்று தோழி அடுக்கிக் காட்டும் இடர்கள் பெரும்பாலும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. காதலின் பெருமையைப் பாடிய மரபே வழியின் இடரையும் இவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்திருப்பதை, பயணக் கையேடுகளை எழுதுவோர் நினைவில் கொள்வது நல்லது.

கிலோமீட்டரும் ஓடையும்

பாதையின் கடினத்தை அளக்க உலகெங்கும் வழங்கும் எளிய கணக்கு ஒன்றை 1892இல் ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் வகுத்துத் தந்தார். இன்று வழங்கும் வடிவில் அது, ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்று அமைகிறது. 8 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இந்தக் கணக்குப்படி இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மிகும். ஈரப் பாதையில், பழக்கமில்லாத நண்பர்களும் சிறுவர்களும் சேர்ந்த குழு ஒன்றுக்கு, அதை இரட்டிப்பாகக் கொள்வதே பொருத்தம். ஏனெனில் மழையில் இறக்கம் ஏற்றத்தைவிட மெதுவாகவே நடக்கும். பாசி படிந்த பாறையிலும், யூக்கலிப்டஸ் இலையும் பைன் ஊசியிலையும் ஊறிக் கிடக்கும் சரிவிலும் குதிகாலை ஊன்றி இறங்கும்போது ஏற்படும் வழுக்கலே கணுக்கால் பிசகுவதற்கும் எலும்பு முறிவதற்கும் முதற்காரணம்.

ஆயினும் கிலோமீட்டரும் ஏற்றமும் சேர்ந்த இந்தக் கணக்கும் மழைக்காலத்துக்குப் போதாது. நடப்பவருக்கும் சாலைக்கும் இடையே எத்தனை ஓடைகள் குறுக்கிடுகின்றன என்பதே மழைக்காலப் பாதையின் உண்மையான நீளம். முகட்டின் மீதே செல்லும் 9 கிலோமீட்டர் பாதையில் ஓர் ஓடையும் குறுக்கிடாவிட்டால், அது மழையில் குறுநடைதான்; பள்ளத்தாக்கில் ஒரே ஓடையை மூன்று முறை கடந்து அருவிக்கு இட்டுச்செல்லும் 3 கிலோமீட்டர் பாதையோ, மேலே ஒரு மணி நேரம் மழை பெய்தால், மறுநாள் காலை வரை நீண்டுவிடக்கூடும். துரதிருஷ்டவசமாக, விளம்பரங்களில் மழைக்கால நடையாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பாதைகளே.

காட்டாற்றின் இயல்பு, மழை பெய்யும் இடம் வேறு, வெள்ளம் வரும் இடம் வேறு என்பது. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவியில் அடிவாரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போதே குளிக்கத் தடை விதிக்கப்படுவதை அப்பகுதி மக்கள் அடிக்கடி காண்கிறார்கள். அங்கே வரும் தண்ணீர், கொடைக்கானலை ஒட்டிய மேல்மலையில், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் பெய்த மழையின் தண்ணீர். முன்னர்ச் சொன்ன சின்னாறு வட்டாரத்திலும் இதே நிலைதான்: காலடி மண் புழுதியாக இருந்தாலும், கூட்டாறு என்னுமிடத்தில் சின்னாற்றோடு கலக்கும் பாம்பாறு மறையூருக்கு மேலேயுள்ள ஈரமான உச்சிகளிலிருந்து வருவதால், வறண்ட காட்டுக்கு நடுவே செந்நீர் சுழித்தோடும் ஆற்றை அங்கே ஆகஸ்டில் காணலாம். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலைப்பாதை ஓடையில் திடீரென வந்த வெள்ளம் பக்தர்கள் பலரின் உயிரைக் குடித்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் நொடிப்பொழுதில் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை இழுத்துச் சென்றது. இரண்டும் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, கோடை மழையில் நிகழ்ந்தவை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

வெள்ளம் வருவதற்கு முன் ஓடை சில அடையாளங்களைக் காட்டுகிறது. பளிங்குபோல் இருந்த நீர் முதலில் சற்றே கலங்கி, வடிகட்டிய தேநீரின் நிறத்துக்கு மாறும். அதன்மேல் உலர்ந்த இலைகளும் சுள்ளிகளும் நுரையும் மிதந்து வரத் தொடங்கும். சலசலப்பு தாழ்ந்து, அடியில் கற்கள் உருளும் கனத்த ஓசை சேரும். நனைந்திராத கல் ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் உற்றுப் பார்த்தால் நீர் ஏறுகிறதா என்பது விளங்கிவிடும். இந்த அடையாளங்களில் எந்த ஒன்று தென்பட்டாலும் ஓடையில் இருப்பவர் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். மறுகரையில் பையை வைத்திருந்தாலும் அதை எடுக்கத் திரும்பக் கூடாது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலின் மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே போகும்போது கணுக்காலளவு நீரில் எளிதாகக் கடந்த இடம், திரும்பும்போது முழங்காலளவே ஏறியிருந்தாலும், ஓர் ஆளைப் புரட்டிவிட வல்லது. கயிறு கட்டிக் கடந்துவிடலாம் என்பது பயிற்சி பெற்ற மீட்புப் படையினரின் பேச்சு. மற்றவர்களுக்கு உரியது காத்திருத்தல் ஒன்றே. சிறு ஓடைகள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றனவோ, மழை விட்டபின் அவ்வளவு விரைவாக வடிந்தும் விடுகின்றன.

பொழுதும் மண்ணும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஏலகிரி, சவ்வாது, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை ஆகியவற்றில் ஆடி, ஆவணி மாத மழைக்கு வேறொரு முறை உண்டு. காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்க, பிற்பகலில் மேகம் திரண்டு, மாலையில் இடியோடு கூடிய மழை பெய்து, இரவில் ஓய்ந்துவிடும். ஏலகிரியின் சுவாமிமலை உச்சிக்கோ, சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து சேர்வராயன் சரிவில் குண்டூருக்கோ ஏறுபவர் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கிவிட்டால், மழையின் பசுமை முழுவதையும் கண்டும் இடியை அறவே தவிர்த்துவிடலாம். மின்னலைக் கண்ட நொடியிலிருந்து இடியோசை கேட்கும்வரை எண்ணி, மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் அது விழுந்த தொலைவு தெரியும். 30 நொடிக்குள் கேட்டால் முகட்டையும் திறந்த பாறையையும் தனிமரத்தடியையும் விட்டு உடனே கீழிறங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது: கதிரவன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடுவதாலும், மூடுபனி இறங்கிவிடுவதாலும், கடிகாரத்தில் ஐந்து மணி ஆவதற்கு முன்பே சோலைக்குள் இருட்டு வந்துவிடும்.

மண்சரிவைப் பற்றிப் பேசும்போது தமிழ் வாசகர் எவரும் பெட்டிமுடியைக் கடந்துபோக முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த அந்தத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் மீது மலை சரிந்தபோது இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலை பறிக்கப் போன குடும்பத்தினர். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தபோதும் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரு பேரழிவுகளுக்கும் முன்னால் விடாத மழை பல நாட்கள் பெய்திருந்தது. மண்சரிவுக்கு அன்றைய மழை மட்டும் காரணமன்று. முன்னைய நாட்களில் மண்ணுக்குள் ஊறிய நீர் துகள்களின் பிடிப்பைத் தளர்த்தி வைத்திருக்க, அடுத்து வரும் பெருமழை அதைப் பெயர்த்துவிடுகிறது. ஆகவே இன்று வானம் தெளிந்துவிட்டது என்பதை மட்டும் பார்த்து, நான்கு நாள் அடைமழைக்குப் பின் செங்குத்தான சரிவுப் பாதைக்குப் போவது தவறு. பாதையில் புதிதாகத் தோன்றிய வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்த இளமரங்கள், வழக்கமாகத் தெளிந்து வரும் ஊற்று திடீரெனச் சேறாக வருவது அல்லது நின்றுபோவது ஆகியவை அங்கிருந்து திரும்பிவிடச் சொல்லும் குறிகள்.

மலையை வென்றுவிட்டோம் என்று எண்ணிய பொறியாளர்களையும் மழை ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறது. மூணாற்றுத் தேயிலையை மதுரைச் சீமைக்கு இறக்குவதற்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் தோட்ட நிறுவனத்தார் சிறு இருப்புப்பாதை அமைத்து, டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கும் பின்னர் வண்டிகளில் போடிநாயக்கனூருக்கும் தேயிலைப் பெட்டிகளை அனுப்பினர். 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. அது பின்னர் அமைக்கப்படவே இல்லை. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் இரயில் இல்லாத மலையில் இன்றும் வழங்குகின்றன. அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடப்பவருக்கு முகட்டின் ஒருபுறம் கேரளத்தின் மேகமும் மறுபுறம் போடிச் சமவெளியின் வெயிலும் ஒரே பார்வையில் தெரியும். மழைமுகம், மழைமறைவு என்ற சொற்களின் பொருள் அந்த இடத்தில் விளங்குவதுபோல் வேறெங்கும் விளங்காது.

அட்டை, ஆடை, வழிகாட்டி

அட்டையைப் பற்றிய அச்சம் தேவையற்றது. அது நோயைப் பரப்புவதில்லை. கடிக்கும்போது வலி தெரியாதவாறும் குருதி உறையாதவாறும் செய்யும் பொருள்களை அது செலுத்துவதால், விழுந்த பின்னும் சற்று நேரம் குருதி கசிந்துகொண்டிருக்கும், அவ்வளவே. நனைந்த இலைச்சருகின் மேல் பின்னுடலால் நின்று, காற்றில் மூச்சின் வெப்பத்தைத் தேடி இருபுறமும் துழாவி, வளைந்து வளைந்து எட்டு வைத்துக் காலணியின் கண்ணிக்குள் அது நுழைவதை வால்பாறைப் பக்கத்துப் பாதைகளில் எவரும் காணலாம். நகத்தை அதன் வாய்ப்புறத்தில் கொடுத்து மெல்ல நெம்பினால் விட்டுவிடும். பிய்த்து இழுத்தாலும் நெருப்பால் சுட்டாலும் புண் ஆறாமல் அரிக்கும். புகையிலையை நனைத்துக் காலுறையின் மேல் தேய்த்துக்கொள்ளும் தேயிலைத் தொழிலாளர் வழக்கம் நல்ல பயன் தருவது.

குளிர்தான் அட்டையைவிட அஞ்சத்தக்கது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை பாகை வெப்பம் குறைவதோடு, நனைந்த துணி உடலின் சூட்டைக் காற்றைவிடப் பன்மடங்கு வேகமாகக் கவர்ந்துவிடும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் அணிந்து நனைந்தபடி முகட்டுக் காற்றில் நிற்பவர் நடுங்கத் தொடங்கி, பேச்சுக் குழறி, நிதானம் இழப்பது நம் மலைகளிலும் நேரக்கூடியதே. விரைவில் உலரும் செயற்கை இழை ஆடையும், பைக்குள் நெகிழி உறையில் கட்டிவைத்த மாற்றுச் சட்டையும், ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடியுள்ள காலணியும் போதுமானவை. முகட்டில் குடை பயன்படாது. கைகள் இரண்டும் ஊன்றுகோலுக்கும் பாறைக்கும் தேவைப்படும் இடத்தில், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையோடு முதுகையும் மூடிக்கொண்ட உழைப்பாளியின் பழைய முறையே அறிவார்ந்தது. இன்றைய மழையங்கி அதன் புது வடிவம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று வகுத்து, இணையவழிப் பதிவோடும் காட்டையொட்டி வாழும் மக்களிலிருந்து பயிற்றுவிக்கப்பட்ட வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது. அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, மழைக்காலத்தில் வழிகாட்டியின் பயன் வழி காட்டுவதோடு முடிவதில்லை. மழையிரைச்சலில் கிளை ஒடியும் ஓசை கேட்காது, மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. ஆவி பறக்கும் இலத்தியையும், காற்று கொண்டுவரும் வாடையையும் வைத்து யானையின் இருப்பை உணர்வது பளியரும் முதுவரும் காடரும் இருளரும் பிறந்தது முதல் பழகிய கலை. எளிது என்று குறிக்கப்பட்ட பாதையும் மழையில் ஒரு படி ஏறிவிடும் என்று கொண்டு தேர்ந்தெடுப்பதும், ஓடையின் முன் நின்று வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சின்றித் திரும்புவதும், அவரிடம் பணம் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் வற்புறுத்தாதிருப்பதும் அவர் அறிவுக்குத் தரும் மதிப்பாகும்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் முதன்முறையாக மழையில் நடக்க விரும்பும் குடும்பத்துக்குத் தயக்கமின்றிச் சொல்லத்தக்க இடம் கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலை. 116 எக்டேர் பரப்புள்ள இந்தச் சிறு காடு 2024இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. உயரமான ஏற்றமில்லை, ஆபத்தான ஓடையில்லை, தொட்டபெட்டாவின் மறைவு இருக்கிறது. சற்றே பழகியவர்களுக்குக் கொடைக்கானலின் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பழைய பாதை உண்டு. நெடுங்காலம் சாலையின்றி வாழ்ந்த அந்த ஊருக்குள், ஊரையே கோயிலாகக் கருதுவதால், மக்கள் செருப்பு அணிவதில்லை, வருபவரும் கழற்றிவிட்டே நுழைய வேண்டும். கொடைக்கானல் தன் பெருமழையை அக்டோபர், நவம்பரில் பெறுவதால், அந்தப் பாதை ஐப்பசிக்கு உரியதன்று.

சோலை என்பது மலைமடிப்புகளில் நெருங்கி வளர்ந்த குட்டை மரங்களின் என்றும் பசுமையான காடு. லாங்வுட்டில் தூறல் நின்ற பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் மரங்களுக்கடியில் மழை தொடர்ந்துகொண்டிருக்கும். இலைக்கு இலை தாவி, கிளைகளைப் போர்த்திய பாசியில் ஊறி, சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் கீழே கிடக்கும் சருகு மெத்தையில் ஓசையின்றி மறைகிறது. அவ்வாறு ஊறிய நீர் வாரங்கள் கழித்துக் காட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய ஊற்றாகக் கசிந்து, அடுத்துள்ள சிற்றூர்களின் குடிநீராகச் சென்று சேர்கிறது. பாதையின் ஓரத்தில் குனிந்து ஒரு பிடி பாசியை விரலால் அழுத்தினால், அன்று காலை பெய்த மழை உள்ளங்கை நனைய வெளிவரும். விரலை எடுத்ததும் பாசி மெல்ல நிமிர்ந்து, மேலிருந்து விழும் அடுத்த சொட்டை வாங்கிக்கொள்ளும்.